நாலு கிலோ இருநூறு

வியாழக்கிழமை. தாராபுரம் கிளைச் சிறை.
பதிவேட்டைத் திருப்பிக்கொண்டே போகிறேன்.
சட்ட உதவி மையம் தருகிற படி
பஸ்ஸுக்கும் ஒரு டீக்கும் சரியாய்ப் போகும்.
வரிசை எண் நாற்பத்தொன்று: நஞ்சான்,
தேங்காய்க் களத்துக் கூலி, முத்தூர்ப் பக்கம்.
போர் மோட்டாரின் செம்புக் கம்பி,
எடை நாலு கிலோ இருநூறு.
மார்கழியில் உள்ளே வந்தவர்.
இது அந்த மார்கழிக்கு மறுவருஷத்து மாசி.

"எத்தன நாளாச்சுங்க?"
"சிவன்மலைத் தேரு ரெண்டு போயிருச்சுங்க அம்மிணி."
"ஜாமீன் குடுத்திருக்காங்களே?"
"பங்குனியிலயே குடுத்தாங்களாமா.
வாங்கறதுக்குத்தான் ஆளில்லீங்க."

கம்பியை எடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை.
இதுவரை யாருமே கேட்கவில்லை.
அதைக் கேட்கத்தானே வழக்கு,
அது இன்னும் தொடங்கவில்லை.
பதினைந்து நாளுக்கொரு முறை ஒரு திரை எரியும்.
முகம் தெரிகிறதா? தெரிகிறது.
காவல் நீட்டிக்கப்பட்டது.
ஒருமுறை முகம்கூடத் தெரியவில்லையாம்,
லைன் கட்டாகிவிட்டது.
நீட்டிப்பு மட்டும் கட்டாகவில்லை.

அவர் மனைவி ஆராயியைத் தேடிப் போனேன்.
கிளுவை வேலிக்கு நடுவே ஒற்றையடித் தடம்,
கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து கிடந்தது.
களத்தில் உட்கார்ந்து பருப்புத் தோண்டிக்கொண்டிருந்தாள்,
கத்தியை நிறுத்தாமலே பேசினாள்.
"பத்தாயிரம் கட்டோணுங்களா?"
பணமில்லை ஆராயி, ஆள்.
வரி ரசீது உள்ள ஆள் இரண்டு பேர்.
அப்போதுதான் கத்தி நின்றது.
"ரசீது இருக்கறவிய நம்மாளுக்கு
எதுக்குங்க கையெழுத்துப் போடறாங்க?"
அவள் வீடு நிற்கிற புறம்போக்குக்கு
அரசாங்கத்தின் எந்தப் புத்தகத்திலும் பெயரில்லை.
அவள் புருஷன் பெயர் மட்டும்
ஒரே ஒரு புத்தகத்தில் இருக்கிறது.

புகார் கொடுத்த சென்னியப்பனையும் பார்த்தேன்.
"அந்தாளு இன்னுமா உள்ளார கிடக்குறான்?" என்றார்.
அந்தப் போர் வற்றி அதற்குப் பிறகு
எண்ணூறு அடியில் வேறொன்று போட்டாயிற்று.
பழைய மோட்டாரைக் காயலான் கடைக்குப் போட்டாராம்.
கையெழுத்து என்றதும் மோர் கொடுத்தார்.
மோர் நன்றாக இருந்தது.

அன்றிரவு தாளில் கணக்குப் போட்டேன்.
திருட்டு உறுதியானால் அதிகபட்சம் மூன்று வருஷம்.
முதல் வழக்குக்காரனை அதில் மூன்றில் ஒரு பங்கு
முடிந்த அன்றே விடச் சொல்கிறது சட்டம்.
முந்நூற்று அறுபத்தைந்து.
அவர் இருந்தது நானூற்று முப்பத்தொன்று.
கழித்தேன். கடன் வாங்கிக் கழித்தேன்.
அறுபத்தாறு.
இரண்டாம் வகுப்புக் கணக்கு.
சிறையில் போடவில்லை, கோர்ட்டில் போடவில்லை,
மாதாமாதம் அதே வாசலைத் தாண்டிப் போன
நானும் போடவில்லை.

திங்களன்று நீதிபதி மனுவைப் படித்துவிட்டு
"ஏன் இவ்வளவு நாள்?" என்றார், யாரையும் பாராமல்.
அரசு வக்கீல் கட்டைப் புரட்டினார்.
மின்விசிறி சுற்றியது.
சொந்தப் பிணையில் விடலாம்,
ஆள்ஜாமீன் தேவையில்லை.
நான்கு நிமிஷம் ஆகியிருக்கும்,
அதில் ஒன்று பேனா தேட.

உத்தரவு போய்ச் சேர்ந்து கதவு திறந்தபோது
பொழுது இறங்கி ஏழேகால்.
வெள்ளகோவில் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.
டீயை ஆற்றிக்கொண்டே நஞ்சான் கேட்டார்:
"பருப்பு என்ன வெல போகுதுங்க?"
தெரியாது என்றேன்.
"கேசு முடிஞ்சுதுங்களா?"
இல்லைங்க. வர்ற பதினேழாந்தேதி வாய்தா.
காங்கயத்துக்கு வந்தாகணும்.
"அன்னிக்குக் கூலி போயிரும்," என்றார்,
போன கூலியையெல்லாம் விட்டுவிட்டு.

கோர்ட்டில் சொத்து அறை என்று ஒன்றுண்டு.
அங்கே ஒரு சாக்குப்பையில்
அரக்கு முத்திரையோடு அந்தக் கம்பி கிடக்கிறது,
பச்சைக் களிம்பேறி.
அதையும் இன்னும் யாரும் கூப்பிடவில்லை.